அது கள்ளில்லை, அப்பக்கள்ளு

வட்டுக்கோட்டைக்கு வழி எது எண்டு கேட்டால் துட்டுக்கு ரெண்டு கொட்டைப்பாக்கு எண்டானாம். எங்கட ஊர்ப் பக்கம் யாராவது கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால் இந்தப் பழமொழியைத்தான் எடுத்து விடுவார்கள். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகப்போகுது. நாங்கள் கேட்டது ஒரு சமையல் குறிப்பு. கிடைத்தது வேற.

போன மார்கழியில் எங்கட கூட்டத்தில் நாலு பேர் வட்டுக்கோட்டையில் ஒரு வீட்டில் தங்கினோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு. பரிஸிலிருந்து வந்த நண்பன் ஒரு சின்னப் போத்தல் தோடம்பழ லிக்கியூர் கொண்டு வந்திருந்தான். லிக்கியூர் என்பது இனிப்பும் வாசமும் ஊறவைத்த மது. ஐரோப்பியச் சட்டப்படி ஒரு லீற்றருக்குக் குறைந்தது 100 கிராம் சீனி இருக்கவேணும், 15 சதவீதத்துக்குக் குறையாமல் மது இருக்கவேணும். லாச்சப்பலில் அவன் வேலைசெய்யும் உணவகத்தில் காலைச் சாப்பாட்டுக்கு இதை முட்டையும் பாலும் அடித்த கலவைக்குள் விட்டு, அதில் பாணைத் தோய்த்துப் பொரிப்பார்களாம். பிரெஞ்சு டோஸ்ட். எங்கட வீடுகளில் பொம்பே டோஸ்ட் எண்டு சொல்லுறது. பின்னேரம் பள்ளிக்கூடத்தால வந்தால், காலமை மிஞ்சின பாணில் அம்மா செய்து தருவாவே, அதேதான்.

போத்தலைத் திறக்கக்குள்ளேயே அம்மம்மா வந்துவிட்டா.

“உந்தக் குடிவகை என்ர குசினிக்குள்ள வேண்டாம்.”

சரி எண்டு மூடி வைத்தோம். ஆனால் முதல்நாள் இரவு அதே குசினியில் அவ எங்களுக்கு அப்பம் சுட்டுத் தந்திருந்தா. கரை மொறுமொறு எண்டு, நடு மெத்து மெத்து எண்டு, லேசான புளிப்போடு. மாவைப் புளிக்க வைக்க என்ன விட்டனீங்கள் எண்டு கேட்டபோது “அப்பக்கள்ளுதான், வேறென்ன” எண்டவ. அதைப் பேத்தி ஞாபகப்படுத்தினாள். அம்மம்மா கொஞ்சமும் அசையவில்லை.

“அது கள்ளில்லைப் பிள்ளை. அப்பக்கள்ளு.”

நாங்கள் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றில் பாதி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது போலத் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் டோஸ்டின் கதை. காய்ந்த பாணைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் விட்டுச் சாப்பிடுவது பழைய ரோமில் இருந்தது. அப்பிசியஸ் பெயரில் வழங்கும் லத்தீன் சமையல் நூலில் இந்த முறை இருக்கிறது, முட்டை மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்த பெயரின் பொருள் ‘தொலைந்த பாண்’. காய்ந்துபோய் எறிய இருந்ததைக் காப்பாற்றி எடுத்தது எண்டு அர்த்தம். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டினால் லட்சுமி போயிடுவா எண்டு திட்டுவாங்குகிற எங்களுக்கு இது நல்லாகவே விளங்கும்.

‘பிரெஞ்சு டோஸ்ட்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் அச்சேறியது 1660இல், ரொபேர்ட் மே என்ற சமையல்காரர் எழுதிய நூலில். அதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. பாணைத் தணலில் வாட்டி வைனில் ஊறவைத்து, சீனியும் தோடம்பழச் சாறும் சேர்ப்பது. இப்ப திரும்பிப் பாருங்கள்: மது, சீனி, தோடம்பழம். எங்கட நண்பன் கொண்டுவந்த போத்தலுக்குள் இருந்ததும் அந்த மூன்றும்தான். அப்ப லிக்கியூர் விட்டுச் செய்வது நவநாகரிகக் கடைக்காரர் புதிதாகக் கண்டுபிடித்த கூத்து இல்லை. அந்தப் பெயரோடு வந்த முதல் டோஸ்டே மதுவில்தான் ஊறியது. முட்டையும் பாலும் பிறகு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. வைன் கோப்பைக்குள் வாட்டிய பாண் துண்டு போட்டுக் குடித்த வழக்கத்திலிருந்துதான், கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதற்கும் ஆங்கிலத்தில் டோஸ்ட் எண்டு பெயர் வந்தது.

போர்த்துக்கல்லில் இதன் பெயர் ரபனாடா. நத்தாருக்குச் செய்வார்கள். பாணைப் பாலிலோ வைனிலோ தோய்த்து, முட்டையில் புரட்டிப் பொரித்து, மேலே சீனியும் கறுவாத் தூளும் தூவுவது. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கிற பலகாரம் எண்டும் இதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. இதை வாசித்தபோது எங்களுக்கு இரண்டு விசயம் பிடிபட்டது. முதலாவது கறுவா. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்து நிலைத்ததே அதற்காகத்தான். யாழ்ப்பாணத்தில் கறுவா விளையாது, தென்மேற்குக் கரையில்தான். ஆனால் 1619இல் யாழ்ப்பாண அரசும் அவர்கள் கையில் போனது. இங்கேயிருந்து கறுவா அங்கே போக, அங்கேயிருந்து பாண் இங்கே வந்தது.

பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் நாங்கள் பாண் எண்டு சொன்னால் வெற்றிலைப் பாக்கு எண்டு நினைப்பார்கள். அது சுடுகிற போறணை போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. அம்மம்மா காவல் காக்கிற குசினி, அதுவும் போர்த்துக்கேயம்தான். விஸ்கோத்து, அலுமாரி, பீப்பா எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. இன்னொன்றும் இறங்கியது: தவறணை. கள்ளுக் குடிக்கிற இடத்துக்கு யாழ்ப்பாணத்தில் இண்டைக்கும் அதுதான் பெயர். குசினியும் தவறணையும் ஒரே மொழியிலிருந்து வந்த சொந்தங்கள். ஒன்று வீட்டுக்குள்ளே இருந்துகொண்டது, மற்றது ஊர் எல்லையில் நிற்கிறது. 90களில் பெயர்ப்பலகைகளைத் தமிழாக்கியபோது பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆனது. நல்ல சொல், எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் பாணை யாரும் மாற்றவில்லை. மாற்றியிருந்தாலும் ஊரில் ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இனிப் புளிப்புக்கு வருவோம். பாண் பொங்க நொதி வேணும். பக்கற்றில் வரும் ஈஸ்ட் இல்லாத காலத்தில் இலங்கையில் பாண் மாவைப் பொங்க வைத்தது கள்ளு. கோவாவிலும் போர்த்துக்கேயர் இதையேதான் செய்தார்கள். கள்ளுக்குள் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீர் முட்டிக்குள் விழுந்த சில மணித்தியாலத்திலேயே நொதித்துவிடும். முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது. அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள்ளு. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. ஒன்று கோயில் சர்க்கரைப் பொங்கலுக்கும் போகலாம், மற்றது குடிவகை.

அந்தக் கை யாருடையது?

இந்த இடத்தில் நாங்கள் சமையலை விட்டு வெளியே போகத்தான் வேணும். யாழ்ப்பாணத்தில் மரம் சீவுவது வெறும் தொழிலாக இருக்கவில்லை, அது சாதியோடு கட்டிப்போட்ட தொழில். காலமையும் பின்னேரமும் தளைநார் போட்டு முப்பது நாற்பது அடிப் பனையில் ஏறி, பாளை சீவி, முட்டி இறக்கி வந்தவர், அந்தக் கள்ளை அப்பத்துக்குக் கொடுக்கிற வீட்டுக்குள் போகமுடியாது. வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதற்குள்ளால் கொடுப்பார், அல்லது பின்வளவில் வைத்துவிட்டுப் போவார். கள்ளு உள்ளே வரலாம். உள்ளே வந்ததும் அதன் பெயர் அப்பக்கள்ளு. கொண்டுவந்தவர் வெளியே.

வட்டுக்கோட்டையில் யார் எங்கே இருந்து சாப்பிடுவது என்ற சண்டை நல்ல பழசு. ஊர் எண்டவுடனே எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1976 மே 14 தீர்மானம்தான், அது பண்ணாகத்தில் நடந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தி இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகக் கடல்கடந்து அறியப்பட்டிருந்தது. போர்த்துக்கேயர் இங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். 1678இல் ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டினார்கள். ஒல்லாந்தப் போதகர் பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் படம் இருக்கிறது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள், அடுத்த வருசமே இந்தப் பாழடைந்த கட்டடங்களில் குடியேறினார்கள். 1823இல் டானியல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் சொல்லிக் கொடுத்த உயர்கல்விக் கூடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்கள். (1855இல் இதை மூடியதும் அதே மிஷன்தான். ஆங்கிலம் படித்த பெடியள் வேதம் பரப்பாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது பொஸ்டனிலிருந்த மேலிடத்தின் கவலை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே இடத்தில் முளைத்தது.)

செமினரிக்கு முந்திய விடுதிப் பள்ளி நாட்களில் மிஷனரிகளுக்கு வந்த முதல் தலையிடி வேதமும் இல்லை, இலக்கணமும் இல்லை. சாப்பாடு. பிள்ளைகளைப் படிக்க விடப் பெற்றோருக்கு விருப்பம். ஆனால் கிறிஸ்தவர் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட விடமாட்டோம் எண்டார்கள். கடைசியில் பக்கத்துச் சைவக் காணியில் ஒரு சமையல் கொட்டில் போட்டு, அவர்கள் ஏற்கக்கூடிய சமையல்காரரை வைத்துத்தான் விடுதி தொடங்கியது. வானியல் படிக்கலாம், சோறு மட்டும் வேலிக்கு அங்கால. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சமையலறை வளவுக்குள் வந்தது. அதை மிஷனின் வெற்றியாக எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அதை வாசிக்கையில் வேறொரு கணக்கு ஓடியது. உள்ளே வந்தது எந்தச் சாதிப் பிள்ளைகளின் சாப்பாடு? செமினரியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வேளாளர். மரம் சீவியவரின் மகன் அந்தப் பந்தியில் இருந்தானா என்ற கேள்வியே அங்கே எழ இடமில்லை.

அதே அமெரிக்கர் மதுவிலக்குக்காரர்கள். அவர்கள் வந்த புது இங்கிலாந்தில் 1820களில் குடிக்கு எதிரான இயக்கம் அலையாக எழுந்த காலம். பொஸ்டனில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது 1826இல். அந்தக் காற்று வட்டுக்கோட்டைக்கும் வந்தது. அவர்களோடு மல்லுக்கு நின்ற சைவப் பெரியவர்களும் இந்த ஒரு விசயத்தில் அவர்கள் பக்கம்தான். மிஷனும் சைவமும் ஒத்துப்போன அபூர்வமான இடம் இது எண்டு சொல்லலாம். அம்மம்மாவின் “உந்தக் குடிவகை” என்ற குரலுக்குப் பின்னால் இருநூறு வருசப் பிரசங்கமும் புராணப்படிப்பும் இருக்கிறது.

குடி குடும்பத்தை அழிக்கும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. போருக்குப் பிறகு எங்கட ஊர்களில் அது என்ன செய்கிறது எண்டு கண்ணால் பார்க்கிறோம். ஆனால் வரலாற்றைப் படிக்கையில் இன்னொன்றையும் பார்க்கவேணும். 1920களிலும் 30களிலும் உள்ளூர் வாக்கெடுப்பு நடத்தித் தவறணைகளை மூடும் முறை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதை முன்னின்று நடத்தியவர்கள் படித்த, காணி உள்ள மனிதர். தவறணை மூடினால் முதலில் அடுப்பு அணைவது மரம் ஏறியவரின் வீட்டில். அவருக்கு வேறு தொழில் கொடுக்காமல், காணி கொடுக்காமல், பள்ளிக்கூடத்தில் சம ஆசனம் கொடுக்காமல், மரத்தை மட்டும் விடு எண்டால் அது எந்த ஊர் நியாயம்?

இதை அந்தக் காலத்திலேயே யோசித்த இளைஞரும் இருந்தார்கள். 1924இல் மாணவர் காங்கிரஸ் எண்டு தொடங்கி, பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன அமைப்பு. அதன் மையமாக இருந்த ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள். காந்தி எந்த மேடையிலும் விடாமல் பேசிய இரண்டு விசயம் மதுவிலக்கும் தீண்டாமையும், இங்கேயும் அதேதான். யாழ்ப்பாணம் முதலாவதைக் கைதட்டிக் கேட்டுக்கொண்டது, இரண்டாவதை மரியாதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனது என்பது எங்கட வாசிப்பு. வாலிபர் காங்கிரஸ்காரர் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாச் சாதியினரும் ஒன்றாக இருந்து சாப்பிடும் சமபந்திகளை நடத்தினார்கள். இருபது வயதுப் பெடியள், அந்தக் காலத்தில். அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேணும் எண்டு 1929இல் உத்தரவு வந்ததும் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். வாங்கில் பக்கத்தில் இருப்பதற்கே நெருப்பு எண்டால், பந்தியில் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் முப்பது நாற்பது வருசம் எடுத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, கடதாசியில். தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டவர் எண்டு ஒதுக்கப்பட்டவர்களுக்கு வெளியே நிறுத்தி, போத்தலிலும் பேணியிலும்தான் தேத்தண்ணி. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு ஊர்வலம் போனது. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிள் மிதித்தால் வரும் தூரத்தில்தான் சங்கானை. அங்கேயும் நிச்சாமத்திலும் தேநீர்க் கடைக்குள் போய் ஒரு கோப்பையில் தேத்தண்ணி குடிக்க உயிரைக் கொடுத்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல். கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை எங்களில் சிலர் பாடப்புத்தகத்துக்கு வெளியே தேடித்தான் வாசித்தோம்.

1970களின் தொடக்கத்தில் தவறணைக் குத்தகை முறை ஒழிந்தது, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அதுவரை மரம் ஏறினவர் ஒருத்தர், தவறணையைக் குத்தகை எடுத்துக் காசு பார்த்தவர் இன்னொருத்தர். கூட்டுறவு வந்தபிறகுதான் முட்டி இறக்கின கைக்கு விலையில் ஒரு சொல் கிடைத்தது. வடமராட்சி திக்கத்தில் வடிசாலையும் வந்து, மிஞ்சிய கள்ளு பனஞ்சாராயம் ஆனது. இதெல்லாம் எந்தச் சமையல் நிகழ்ச்சியிலும் சொல்லமாட்டார்கள். போத்தலில் ஒட்டியிருக்கும் பனைமரப் படம் மட்டும் தெரியும்.

பாணின் கதையைச் சுருக்கிவிடுவோம். ஆரம்பத்தில் அது பறங்கியர், பிறகு உத்தியோகத்தர் சாப்பாடு. 1942இல் பர்மா யப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபோது கோதுமை மா வந்து இடத்தை நிரப்பியது. அதற்குப் பிறகு எல்லார் வீட்டுக்கும் பாண் வந்தது. எங்கட அம்மாமாருக்குப் பாண் எண்டால் 90களின் பொருளாதாரத் தடையும் வரிசையும், 95 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்த இரவும். எங்களுக்கு 2022, மா விலை ஏறி றாத்தல் பாணை அரை றாத்தலாக வாங்கின மாதங்கள். காய்ந்த பாணை எறியாத பழக்கத்துக்கு எங்களுக்குப் பிரான்சு தேவையில்லை.

இரண்டாவது விசயம் எண்டு மேலே சொல்லி விட்டுவிட்டோம். பிள்ளை பெற்றவளுக்கு ரபனாடா கொடுக்கும் வழக்கத்தை வாசித்துக் காட்டினபோது அம்மம்மா தானாகவே சொன்னா, “நாங்கள் முட்டைக்கோப்பி குடுப்பம்.” முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை விட்டு, அதில் பிரண்டி. பெரியபிள்ளையான பெட்டைக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் எழும்பினவருக்கும். அலுமாரிக்குள் சேலைக்குப் பின்னால் ஒரு அரைப் போத்தல் பிரண்டி எப்பவும் இருக்குமாம்.

“அதுவும் குடிவகைதானே அம்மம்மா?”

“அது மருந்து.”

முட்டை, சீனி, மது. மூன்றும் ஏற்கெனவே அதே குசினிக்குள் ஒரே கோப்பையில் இருந்திருக்கின்றன. பாண் மட்டும்தான் தோய்க்கவில்லை. இதைச் சொன்னதும் அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப செய்யுங்கோ. புது தாச்சியை எடுக்காதையுங்கோ” எண்டா.

செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறோம். பாண் முதல்நாளையதாக இருக்கவேணும். காலமை பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வரும் பாணை அப்படியே தோய்த்தால் கலவைக்குள் கரைந்துபோகும். எங்கட முதல் நாலு துண்டு அப்படித்தான் களியாகிப் போனது. றோஸ் பாண் நல்லது, பொருக்குத் தாங்கும். ஒரு விரல் தடிப்பில் வெட்டுங்கள். ஆறு துண்டுக்கு மூன்று முட்டை, ஒரு தேத்தண்ணிக் கோப்பை பால், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கறுவாத் தூள் கொஞ்சம், லிக்கியூர் இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் விட்டால் கசக்கும், பாணும் உடையும். ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் ஊறவிட்டு, இளஞ்சூட்டில் பட்டரில் பொரியுங்கள். நெருப்பைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை முட்டை.

பரிஸ் போத்தல் ஒரு தடவைக்குத்தான் காணும். அதனால் எங்கட லிக்கியூர் ஒன்றும் போட்டோம். பனஞ்சாராயத்தில் தோடம்பழத்தின் மேல்தோலை வெள்ளை படாமல் சீவிப் போட்டு, ஒரு துண்டு கறுவாவும் சேர்த்து, போத்தலை மூடி இருட்டில் பத்து நாள். பிறகு வடித்து, குட்டான் பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணியில் கரைத்துக் காய்ச்சிய பாணியை ஆறவிட்டுக் கலந்தோம். பனங்கட்டியின் புகை வாசம் பனஞ்சாராயத்தின் முரட்டுத்தனத்தைத் தணித்துவிடும். ஒரே மரத்திலிருந்து பிரிந்துபோன இரண்டு பேரும், சுண்ணாம்பு பூசினதும் பூசாததும், போத்தலுக்குள் திரும்பச் சந்தித்தது மாதிரி. பரிஸ்காரனே இதுதான் திறம் எண்டான். அவனுக்கு ஊர்ப் பாசம், அதைக் கழித்துத்தான் கணக்கெடுக்கவேணும்.

சாராயம் பிடிக்காதவர்களுக்குத் தோலகட்டி வைன் இருக்கு. வசாவிளான் பக்கம் தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் துறவிகளின் மடத்து வைனும் நெல்லிரசமும் யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. இனிப்பான வைன். அதில் பாணைத் தோய்த்து முட்டையில் புரட்டிக் கறுவா தூவினால் அசல் ரபனாடாவுக்குக் கிட்ட வரும்.

ஒரு விசயத்தில் ஏமாறவேண்டாம். சூட்டில் மது எல்லாம் ஆவியாகிப் போயிடும் எண்டு சொல்லுவார்கள். போகாது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி கால் மணித்தியாலம் கொதித்த குழம்பிலேயே விட்ட மதுவில் 40 சதவீதம் மிஞ்சும். நாலு நிமிடம் தாச்சியில் கிடந்த டோஸ்டில் நல்லாகவே மிஞ்சும். சின்னப் பிள்ளைகளுக்கும், குடியை விட்டு மீண்டு வந்தவர்களுக்கும், வேண்டாம் எண்டவர்களுக்கும் தோடம்பழத் தோலை மட்டும் துருவிப் போட்டு வேறாகச் செய்யுங்கள். சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

அம்மம்மாவுக்கும் சொன்னோம். அவ வெறும் டோஸ்டைத்தான் எடுத்தா.

மேசையில் எங்களோடு இருந்தவர்களில் ஒருத்தனின் அப்பப்பா அதே ஊரில் மரம் சீவினவர். அவன் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, மறைப்பதும் இல்லை. அண்டைக்கு அம்மம்மா அவனிட்டை எந்தப் பக்கம் வீடு எண்டு கேட்டா. அவன் சொன்னான். அவ தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனை வடிவாகப் பார்த்தா.

“உங்கட அப்பப்பாவின்ர கள்ளுத்தான் எங்கட வீட்டு அப்பத்துக்கு. வெள்ளன வந்திடுவார். அந்தப் பின்வேலியடியில வைச்சிட்டுக் கூப்பிடுவார்.”

“உள்ள வரமாட்டாரோ?” எண்டு பேத்திதான் கேட்டாள்.

“அப்ப ஆர் வரவிட்டது” எண்டா அம்மம்மா. கொஞ்சம் பொறுத்து, “நானும் கேக்கேல்லை” எண்டா.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தன்ர துண்டைச் சாப்பிட்டு முடித்தான். தாச்சியில் கிடந்த கடைசித் துண்டு அதற்குள் கருகிவிட்டது, அதை நாங்கள் பங்கு போட்டோம்.

பிறகு பாத்திரம் கழுவக்குள்ளே அம்மம்மா வந்து நின்று சொன்னா, உந்த வெளிநாட்டுத் தண்ணியை விடப் பாலுக்குப் பதிலாக் கள்ளு விட்டுத் தோய்ச்சுப் பாருங்கோ, பாணுக்கு அதுதான் பொருந்தும் எண்டு. பனங்கள்ளுக்குத் தை மாசி போகவேணும். எங்கட நண்பன் சங்கத்தில் தன்ர சித்தப்பாவிட்டைக் கேட்டு வைக்கிறேன் எண்டிருக்கிறான். அம்மம்மா, “வரேக்க முன் கேற்றால வா தம்பி, பின்னுக்கு இப்ப நாய் கட்டியிருக்கு” எண்டா.